பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு

என் அப்பா நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார். பக்கத்தின் கீழே, ஒரு மெல்லிய கோட்டுக்கு அடியில். இருபத்தேழு வருஷமாக அங்கேதான் இருக்கிறார்.

லாரியில் சுமை ஏற்றி இறக்கியவர் அவர். அப்போது எனக்கு நான்கு வயது. ஒரு நாள் மத்தியானம் மூட்டைகளை ஏற்றி முடித்து, தார்ப்பாய் போட்டுக் கட்டி, அதன் மேலேயே ஏறிப் படுத்திருக்கிறார். இறக்க வேண்டிய இடத்துக்கு மூன்று மணி நேரப் பயணம். வழியில் ஒரு வளைவில் லாரி திரும்பியது, அப்பா திரும்பவில்லை. தூங்குகிறவன் வேலை செய்கிறவன் அல்ல, அதனால் இது வேலையில் வந்த சாவும் அல்ல என்றது காப்பீட்டுக் கம்பெனி. அம்மா விடவில்லை. ஒன்பது வருஷம் கோர்ட் படிக்கட்டைத் தேய்த்தாள். கடைசியில் பெரிய கோர்ட் சொன்னது: போய்ச் சேர்ந்தவுடன் இறக்க வேண்டியவன் போகிற வழியில் கண்ணயர்ந்தால், அந்தத் தூக்கமும் வேலையில் சேர்த்திதான்.

அந்தத் தீர்ப்பை அச்சடித்த கம்பெனியில்தான் நான் பதினொரு வருஷமாக வேலை செய்கிறேன். தீர்ப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக விற்பது எங்கள் தொழில். மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி எதிர்க் கம்பெனி இருக்கிறது, அவர்களுக்கும் இதே தொழில். இரண்டு புத்தகத்திலும் தீர்ப்பு ஒன்றேதான், எழுத்துக்கூட மாறாது. மாறுவது பக்க எண் மட்டும். ஆனால் கோர்ட்டில் எழுந்து நின்று ஒரு பழைய வழக்கைக் காட்ட வேண்டுமானால் எந்த வருஷம், எந்தத் தொகுப்பு, எத்தனையாம் பக்கம் என்று சொல்ல வேண்டும். வழக்குக்கு அதுதான் கதவிலக்கம். எங்கள் தொகுப்பில் அப்பாவுக்கு 412. அவர்கள் தொகுப்பில் 88.

"தீர்ப்பு ஊருக்கே பொதும்மா. அதை யார் வேணா அச்சடிக்கலாம். பக்க எண் மட்டும் என் சொத்து. எங்கப்பா போட்ட எண்" என்பார் முதலாளி. சொல்வதோடு நிற்கவில்லை. எங்கள் பக்கம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பதை எதிர்க் கம்பெனி தன் புத்தகத்தில் குறிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டு ஜெயித்தும் விட்டார். எங்கள் வழக்குகள் தொடங்கும் எண்ணுக்கு நேராகத் தங்கள் எண்ணைப் போட்டு ஓர் அட்டவணை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அனுமதி.

வக்கீல்களுக்கு 88 தெரியும், 412 தெரியும். சுமை தூக்குகிறவர்களுக்கு 412 மட்டும்தான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வக்கீல் ஆபீஸுக்குப் போய், "நானூத்திப் பன்னெண்டு எங்களுக்கும் உண்டுங்களா?" என்று கேட்பார்கள். லோடு மேல் எவனாவது சாய்ந்து கண்ணை மூடினால் கீழே நிற்கிறவன், "டேய், நானூத்திப் பன்னெண்டாயிடாத, எழுந்திரு" என்பான். என் அப்பா அப்படி ஒரு வசவாகவும் புழங்கினார்.

என் வேலை இது. புதிதாக வரும் தீர்ப்பைப் படித்து, அதில் எந்தெந்தப் பழைய வழக்குகள் பேசப்படுகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் என்று ஒரு சின்னக் குறிப்பும், எதிரே ஒரு சொல்லும் எழுத வேண்டும். பின்பற்றப்பட்டது. வேறுபடுத்தப்பட்டது, அதாவது இந்த வழக்குக்குப் பொருந்தாது. செல்லாது. அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் வக்கீல் ஒரு வழக்கைக் கையில் எடுப்பார், அல்லது கீழே போடுவார். முழுத் தீர்ப்பை ஜட்ஜே படிப்பதில்லை என்று வக்கீல்கள் சொல்கிறார்கள். வக்கீல்கள் படிப்பதில்லை என்று ஜட்ஜுகள் சொல்கிறார்கள். படிக்கிறவள் நான். எதிர்க் கம்பெனியில் இன்னொருவர் படிக்கிறார். பார்த்ததில்லை, ஆனால் அவர் எழுதும் குறிப்புகளை வைத்தே அவரை நெருக்கமாகத் தெரியும். ஒரு வாக்கியத்தையும் முடிக்க மனமில்லாமல் அரைப்புள்ளி போட்டுப் போட்டு நீட்டிக்கொண்டே போவார். அரைப்புள்ளிக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை அவர்கள் வார இதழ் வந்தது. முதலாளி தன் மச்சான் பேரில் அதற்குச் சந்தா கட்டியிருக்கிறார். முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: சுமை மேல் தூங்கியவர் வழக்கு இனிச் செல்லாது.

அதைப் படித்தபோது எழுத்துகள் தாளை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றதுபோல இருந்தது. கையால் அழுத்தினேன். தாள்தான் இருந்தது.

உடனே நினைவுக்கு வந்தது திங்கட்கிழமை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், சிமெண்ட் மூட்டை தூக்கியே முதுகு வளைந்தவள். அவள் புருஷனும் லோடு மேல் தூங்கித்தான் போனான். ஆறு வருஷமாக இழுத்த வழக்கில் திங்கட்கிழமை கடைசி விசாரணை. அவளிடம் சாட்சி கிடையாது, ரசீது கிடையாது. நானூற்றுப் பன்னிரண்டு மட்டும் இருந்தது.

புதிய தீர்ப்பின் நகல் என் மேஜைக்கும் வந்திருந்தது. அறுபத்தொரு பக்கம். எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் மாடியில் மத்தியானத்துக்கு என்று ஒரு வெளிச்சம் உண்டு. மேற்குச் சன்னல் வழியாக வந்து அலமாரிகளின் மேல் படியும். பழைய தாளின் தூள் அதில் மெதுவாக மிதக்கும், கீழே விழ அதற்கு மனமே இருக்காது. காற்றாடி சுற்றும், ஆனால் காற்று வராது. அந்த வேளையில் நீண்ட தீர்ப்பைப் படித்தால் வரிகள் பாதையாக மாறிவிடும். அன்றைக்கும் மாறின. பத்திகள் மேடு பள்ளமாக வந்தன. நான் எதன் மேலோ உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன், கீழே ஏதோ லேசாக ஆடியது, வெயிலில் காய்ந்த தார்ப்பாயின் வாடைகூட வந்தது. ஓரத்தில் அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் தெரியவில்லை, முதுகுதான். வீட்டில் அவருக்குப் போட்டோ கிடையாது. அதனால் எனக்குக் கனவில்கூட முகம் வராது.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு சாவி வந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜட்ஜ் எழுதியிருந்தார்: விழித்திருப்பதற்கே கூலி வாங்குகிறவன், சாவியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கினால், அவன் வேலை செய்யவில்லை, வேலையை விட்டுவிட்டான். ஆகவே 412ஆம் பக்கத்தில் உள்ள காப்பீட்டுக் கம்பெனி வழக்கில் சொன்னது சரியன்று.

லோடுமேனுக்கு எதற்குச் சாவி?

அலமாரியிலிருந்து அந்தப் பழைய தொகுதியை இறக்கினேன். எத்தனையோ தடவை திறந்த பக்கம். ஆனால் நான் எப்போதும் கோட்டுக்குக் கீழேதான் படித்திருக்கிறேன். கோட்டுக்கு மேலே, முக்கால் பக்கத்தில், அதே நாளில் அதே கோர்ட் கொடுத்த இன்னொரு சின்னத் தீர்ப்பு இருந்தது. அதே காப்பீட்டுக் கம்பெனி, எதிரே ஒரு விதவை. அவள் புருஷன் கிடங்குக் காவல்காரர். தூங்கும்போது சுவர் இடிந்து விழுந்திருக்கிறது. தூங்கினாலும் வேலை செய்யும் இடத்தில்தானே இருந்தார், அதனால் கொடு என்று அன்றைய கோர்ட் சொல்லியிருக்கிறது. அதைத்தான் இப்போது தப்பு என்கிறார்கள். ரயில் பெட்டியில் மேல் படுக்கை, கீழ்ப் படுக்கை மாதிரி ஒரே எண்ணில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பப்பட்டவர் மேலே இருந்தவர். அரைப்புள்ளிக்காரர் கீழே இருந்தவரை இறக்கிவிட்டிருந்தார்.

எப்படி என்றும் புரிந்தது. அவர்கள் அட்டவணையில் ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம்தான். முதலில் காவல்காரரைப் போட்டிருப்பார்கள். அப்புறம் அதே எண்ணில் அப்பாவைப் போட்டதும் காவல்காரர் அழிந்திருப்பார். கம்ப்யூட்டரில் 412 என்று தட்டினால் 88தான் வரும். எங்கள் பக்கத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தைக் குறிக்கவே கூடாது என்றுதான் முதலாளி ஜெயித்திருந்தாரே.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. தொகுதியைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார். இவ்வளவு சத்தமில்லாமல் ஒருவர் இவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சபாஷ்ம்மா. வாயால கெட்டுதாம் தவளை. அவன் கட்டம் கட்டியே கெட்டான்."

"வெள்ளிக்கிழமை நம்ம இதழ்ல சரியாப் போட்டுடலாம் சார். மேல இருக்கற கேஸ்தான் செல்லாதுன்னு."

"போடக்கூடாது."

"என்ன சார்?"

"இந்த வாரம் அந்தத் தீர்ப்பே நம்ம இதழ்ல வேணாம். அடுத்த வாரமும் வேணாம். மூணு மாசத்துல அவன் அட்டை போட்டு, பொன் எழுத்து அடிச்சு, தொகுதி கொண்டு வருவான். அதுலயும் இந்தத் தப்பு ஏறட்டும். அதுக்கப்புறம் நான் ஒரு விளம்பரம் கொடுக்கறேன் பாரு. பக்கம் தெரியாதவன் சட்டம் சொல்ல வந்தானான்னு கேக்கறேன்."

"திங்கக்கிழமை ஒருத்தங்க கேஸ் இருக்கு சார். இத நம்பித்தான்."

"தோத்தா அப்பீல் இருக்கு."

"அப்பீல் ஏழு வருஷம் ஆகும்."

"சட்டம் நொண்டிக்கிட்டுத்தாம்மா நடக்கும். நம்ம என்ன தோள்லயா தூக்கிட்டுப் போக முடியும்?" என்றார். தொகுதியை மூடி என் கையில் கொடுத்தார். "வாயைத் திறக்காத. போனஸ் விஷயம் நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் அம்மாவும் அத்தையும் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் முகம் வெளுத்திருந்தது. அவளுடைய வக்கீலும் அந்த இதழைப் பார்த்திருக்கிறார்.

"வக்கீல் கூப்பிட்டு அனுப்பினாரு. நானூத்திப் பன்னெண்டு செத்துப்போச்சாம்டி மருமகளே" என்றாள் அத்தை. "ஒரு மனுஷன் ரெண்டு தடவ சாவானா?"

"உன் வக்கீலு சொன்னா ஆச்சா?" என்றாள் அம்மா. சாக்கூசியை இழுத்துக் குத்தினாள். "போன தடவ உன் பேரையே தப்பாச் சொன்னவன்தானே அவன். பாப்பா, நீ சொல்லு. உங்கப்பா இருக்காரா இல்லையா?"

பதினொரு வருஷமாக அம்மா இப்படித்தான் கேட்பாள். ரேஷன் கடையில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற குரலில். நானும் இருக்கார் என்பேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

"இருக்காரும்மா. எதிர்க் கம்பெனியில ஆளை மாத்திப் போட்டுட்டாங்க."

"அப்ப போய்ச் சொல்லு."

"சொல்லக் கூடாதுங்கறார் முதலாளி."

அம்மா ஊசியை நிறுத்தினாள். "அவன் சொத்தா உங்கப்பா?" என்றாள்.

அத்தை தைத்த சாக்கை மடித்து வைத்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தொகுதியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒன்றரைக் கிலோ. மூன்று நிறுத்தமும் நடந்தே போனேன். பஸ்ஸில் போனால் நடுவில் மனம் மாறி இறங்கிவிடுவேனோ என்று பயம். நடக்கிற கால் அவ்வளவு சுலபத்தில் திரும்பாது. வெயிலில் தெரு முழுக்கக் கானல் அலைந்தது, கட்டடங்களின் அடிப்பாகம் கரைந்து அவை தரையில் படாமல் நின்றன. பை கனத்தது. உள்ளே இரண்டு பேர் இருப்பது தெரிகிற கனம்.

எதிர்க் கம்பெனியின் மாடிக்கு ஏறியதும் எனக்குத் தலை சுற்றியது. அது எங்கள் மாடிதான். அதே அலமாரி, அதே காற்றாடி, காற்று வராத அதே சுழற்சி. எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தது. எங்கள் சன்னலுக்கு மத்தியான வெளிச்சம் என்றால் இவர்கள் சன்னலுக்குக் காலை வெளிச்சம் என்று தோன்றியது, இப்போது அந்த இடம் நிழலாகிக் கிடந்தது. நான் உட்காருகிற மூலையில் நரைத்த தலை ஒன்று குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் நடந்து வந்துவிட்டதுபோல நின்றேன்.

"யாரைப் பாக்கணும்?" என்றார் அவர்.

"உங்களைத்தான். நான் அந்தக் கம்பெனியில குறிப்பு எழுதறவ."

பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீங்கதான் 'எனினும்' அம்மாவா?"

"என்னது?"

"ஒவ்வொரு குறிப்பையும் 'எனினும்'னு ஆரம்பிக்கிறீங்களே. ஒரு மனுஷிக்கு அப்படி என்ன எனினும் இருக்கும்னு நான் நினைக்காத நாள் இல்ல. உட்காருங்க."

உட்கார்ந்தேன். அரைப்புள்ளிகளைப் பற்றிக் கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. தொகுதியை எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தேன். புதிய தீர்ப்பின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தையும் வைத்தேன். விரலால் சாவியைக் காட்டினேன், அப்புறம் கோட்டை.

அவர் படித்தார். மேலே படித்தார், கீழே படித்தார். பிறகு மெஷினில் 412 என்று தட்டினார். 88 வந்தது. இன்னொரு தடவை தட்டினார். மறுபடியும் 88.

"இருபது வருஷமா இந்தக் கட்டத்தை நம்பித்தான் எழுதறேன்" என்றார். "இன்னும் எத்தனை எண்ணுல எத்தனை பேரு இப்படி..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

"மத்ததை அப்புறம் பாருங்க சார். திங்கக்கிழமை ஒரு விசாரணை இருக்கு. அதுக்குள்ள இது வெளிய வரணும்."

"திருத்தச் சீட்டு போடலாம். இன்னிக்கே அடிச்சா நாளைக்கு எல்லா வக்கீல் ஆபீசுக்கும் போயிடும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "ஆனா பக்கத்துல மேல கீழ ரெண்டு கேஸ் இருக்குன்னு நான் எழுதணும். அதை எழுதினா உங்க புஸ்தகத்தைப் பாத்துத்தான் எழுதியிருக்கேன்னு உங்க முதலாளிக்குத் தெரியும். எங்க ஆபீஸ்ல உங்க புஸ்தகம் ஒண்ணுகூடக் கிடையாது. வெச்சிருக்கக் கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லியிருக்கார்."

"தெரியட்டும்."

"வேலை போயிடும்மா."

"உங்களுக்கு?"

"எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம். தப்பு என்னுதுன்னு சீட்டுல போடுவேன். திட்டுவாங்க. கேட்டுக்குவேன்." புத்தகத்தை மெதுவாக என் பக்கம் திருப்பினார். "கீழ இருக்கறவர் உங்களுக்கு யாரு?"

சொன்னேன்.

எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் அவர் சீட்டை எழுதத் தொடங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளியின் மச்சான் பேருக்கு அந்தச் சீட்டு வந்தது. உள்ளங்கை அகலம், மஞ்சள் தாள். 'எங்கள் குறிப்பாளரின் பிழை; பக்கம் 412இன் மேற்பகுதியில் தொடங்கும் காவல்காரர் வழக்கே செல்லாது; அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கும் சுமைக்காரர் வழக்கு இன்றும் செல்லும்; வருந்துகிறோம்.'

முதலாளி சீட்டை என் மேஜை மேல் வைத்து, ஆணி அடிக்கிற மாதிரி விரலால் அழுத்தினார்.

"யாரு?"

"நான்தான் சார்."

"எவ்வளவு குடுத்தாங்க?"

"தண்ணி குடுத்தாங்க."

"நக்கலா?"

"இல்ல சார். கீழ இருக்கறவர் எங்கப்பா."

அவருக்கு இது தெரியாது. பதினொரு வருஷத்தில் நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. கோபம் அவர் முகத்தில் இருக்க இடம் தேடி, கிடைக்காமல், திரும்பி வந்தது.

"அப்பாவுக்காகக் கம்பெனியை வித்துட்ட" என்றார். "இனிமே உனக்கு மாடியில வேலை இல்ல. கீழ பைண்டிங்ல போய்ப் பசை தடவு. இல்லன்னா வீட்டுக்குப் போ."

"கீழ போறேன் சார்."

"போறதுக்கு முன்னாடி அந்தத் தீர்ப்புக்குக் குறிப்பு எழுதி வெச்சிட்டுப் போ. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது."

எழுதினேன். அப்பாவுக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை, அவரைப் பற்றி அந்தத் தீர்ப்பில் பேச்சே இல்லை. காவல்காரருக்கு எதிரே எழுத வேண்டியிருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெளிச்சம் இன்னும் வரவில்லை, தூள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த ஆள் சாவியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தார். அவருக்கும் முகம் இல்லை. சட்டப்படி நான் எழுதப்போவது சரி. ஜட்ஜ் சொன்னதும் அதுதான். செல்லாது என்று எழுதினேன். நான்கே எழுத்து. காகிதத்தில் மை காய்கிறவரை கையை எடுக்காமல் இருந்தேன், ஏனென்று தெரியவில்லை.

பைண்டிங் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது. பசை வாடை முதல் நாள் குமட்டும், அப்புறம் அது வாடையாகத் தெரியாது என்றார்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு நான் ஏன் வந்தேன் என்று தெரிந்திருந்தது. ஒருவர் நல்ல பிரஷ்ஷாகப் பார்த்து எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு அம்மா போன் செய்தாள். பின்னால் கோர்ட் வாசலின் இரைச்சல் கேட்டது.

"பாப்பா, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலு அந்தப் பழைய இதழத் தூக்கிக்கிட்டு எழுந்தான். நம்மாளு மஞ்சச் சீட்ட நீட்டினாரு. ஜட்ஜு ரெண்டு தடவ படிச்சாரு. கம்பெனிக்காரனப் பாத்து, இதுக்கு மேல சொல்ல ஏதாச்சும் இருக்கான்னாரு. அவன் உக்காந்துட்டான்."

"தீர்ப்பு?"

"குடுத்துட்டாரு. அத்தைக்குத்தான். இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா. ஆறு வருஷமா அழாதவ. நான் விட்டுட்டேன், அழட்டும்னு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பசைக் கை போனில் ஒட்டியது.

"பாப்பா."

"சொல்லும்மா."

"மேல ஒருத்தர் இருந்தாரே, காவக்காரர். அவர் பொண்டாட்டிகிட்டருந்து குடுத்தத திரும்ப வாங்கிடுவாங்களா?"

"இல்லம்மா. அது அப்பவே முடிஞ்சுது. அதைத் தொட மாட்டாங்க."

"அப்ப யாருக்குத்தான் போச்சு?"

"இனிமே வர்றவங்களுக்கு."

"யாரு அவங்க?"

"இன்னும் சாகலம்மா. எங்கயாவது காவலுக்கு உக்காந்திருப்பாங்க."

அம்மா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அத்தையை யாரோ பெயர் சொல்லிக் கையெழுத்துப் போடக் கூப்பிடுவது கேட்டது. அவள் பெயரைச் சரியாகத்தான் சொன்னார்கள்.